கேரிக் மீனுக்கு மர லூர் (போலி இரை): மூழ்குவது ஏன், பெயின்ட் உரிவது ஏன்?

உம்கேனிக்கரை (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் ஷாட் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கேரிக் கரையோரம் வருவதற்குள் ஆறு ஸ்டிக்பெய்ட் (நீரின் மேற்பரப்பில் நடக்கும் குச்சி வடிவ லூர்) செய்துவிட வேண்டும். முதல் இரண்டும் தேறவில்லை. அளவுகளைத் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஜெலுடாங் மரம், நீளம் 150 மி.மீ., நடுவில் 25 மி.மீ. கனம், இரண்டு முனையும் கூம்பு. மூக்கு, வயிறு, வால் மூன்றிலும் ஸ்டெயின்லெஸ் கண் திருகு. வயிற்றின் நடுவில் 10 கிராம் ஈயம். 2/0 அளவு மும்முள் (மூன்று முனைத் தூண்டில் முள்) இரண்டு. மேலே டப்பா ஸ்ப்ரே வெள்ளை, ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக், கடைசியாகத் தூண்டில் கோல் கட்டும் எப்பாக்ஸி ஒரு பூச்சு.

வாளித் தண்ணீரில் போட்டால் மெல்ல அடிக்குப் போகிறது. எப்பாக்ஸி மேல்புறம் மெழுகு தடவியது போலப் பிசுபிசுக்கிறது, சில இடம் பால் நிறம். இரண்டாம் தடவை கடலில் இறக்கியதும் வயிற்றுத் திருகைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்துத் தகடாக உரிந்துவிட்டது.

ஈயக்குண்டு (ரிச்சர்ட்ஸ் பே)

தம்பி, மூழ்குவதற்கான காரணம் நீங்கள் கொடுத்த அளவுகளிலேயே இருக்கிறது. கூட்டிப் பார்ப்போம்.

25 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் உள்ள முழு உருளையின் கொள்ளளவு 74 கன செ.மீ. முனைகளைக் கூம்பாகச் செதுக்கிய பிறகு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும், 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் அதை 48 கிராம் வரை தாங்கும். கடல் நீரின் அடர்த்தி 1.025, அதனால் கடலில் 49 கிராம்.

இப்போது எடை. ஜெலுடாங் ஒரு கன செ.மீ.க்கு 0.46 கிராம் அளவில் இருக்கும், ஆக மரம் 22. முள்ளும் வளையமும் 10. கண் திருகு 3. பெயின்ட்டும் எப்பாக்ஸியும் 4. ஈயம் 10. மொத்தம் 49. வாளியில் மூழ்கும், கடலில் நீருக்குள்ளேயே தொங்கும். மேற்பரப்பில் நடக்கவேண்டிய லூருக்கு மொத்த எடை தாங்குதிறனில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். உங்களுடையதற்கு 42, 43 கிராம்.

ஈயத்தை 4 கிராமாகக் குறைத்தால் மிதக்கும்தான். ஆனால் 4 கிராம் ஈயத்தால் அந்த உடலை நிமிர்த்திப் பிடிக்க முடியாது, சுருட்டும்போது உருளும், பக்கவாட்டில் படுத்துவிடும். அதனால் மாற்றவேண்டியது மரத்தை. கிரி மரம் (பௌலோனியா) 0.28 அளவில் இருக்கும். அதே உடல் 13.5 கிராமில் முடிந்துவிடும். 12 கிராம் ஈயம் வைத்தாலும் மொத்தம் 42.5 தான். லேசான மரம் தேடுவது வயிற்றின் அடியில் ஈயத்துக்கு இடம் கிடைக்கத்தான். மேலே லேசாகவும் கீழே கனமாகவும் இருந்தால்தான் கோல் முனையைத் தட்டும்போது இடமும் வலமும் தலை திருப்பும்.

கொள்ளளவை ஊகிக்கவும் வேண்டாம். ஒரு ஜாடித் தண்ணீரைச் சமையல் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யமாக்குங்கள். சீல் செய்த உடலை மெல்லிய ஊசியால் குத்தி, ஜாடியின் பக்கத்திலும் அடியிலும் படாமல் முழுக்க அமுக்குங்கள். தராசு எத்தனை கிராம் ஏறுகிறதோ அத்தனை கன செ.மீ.

மரத்தூள் (டோங்காட்)

மேலே அண்ணா சொன்னது எடைக் கணக்கு. உரிந்ததற்கான காரணம் வயிற்றில் இருக்கிற அந்தக் கண் திருகு. மீன் இழுக்கும்போது திருகு ஒரு மயிரிழை ஆடினால் போதும், அதைச் சுற்றியிருக்கிற எப்பாக்ஸி வளையமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கி மரம் ஊதும். மரம் ஊதினால் மேலே எவ்வளவு உயர்ந்த பூச்சு இருந்தாலும் கிழியத்தான் செய்யும்.

கேரிக்குக்கு ஊடுகம்பி போடுங்கள். மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி. 316 தர ஸ்டெயின்லெஸ், 1.2 மி.மீ. போதும். வடக்கே பெரிய பாரைக்குச் செய்வதென்றால் 1.6. மரம் பிளந்து போனாலும் மீன் கம்பியில் நிற்கும்.

வேலையின் வரிசை முக்கியம். உருண்டையாக்கிய பிறகு துளை போட உட்கார்ந்தால் நடு தவறாமல் இருக்காது. 30 மி.மீ. சதுரக் கட்டையாக இருக்கும்போதே பக்க வடிவத்தையும் மேல் வடிவத்தையும் அட்டையில் வெட்டி வரைந்துவிடுங்கள். மரத்தின் நார் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் மூக்குப் பக்கம் கல்லில் அடித்ததும் உடையும். வயிற்றுப் பக்கம் நடுக்கோட்டில் பல் கனம் 2 மி.மீ. உள்ள ரம்பத்தால் நீளமாக ஒரு காடி, ஆழம் நடுமையத்தை ஒரு மி.மீ. தாண்டும் வரை. ஈயத்துக்கான குழிகளும் வயிற்று ஸ்விவலுக்கான (சுழலும் இணைப்பு) குழியும் இப்போதே போடவேண்டும். 10 மி.மீ. துளையில் 7 மி.மீ. உயர ஈயம் வைத்தால் ஏறக்குறைய 6 கிராம், ஆக இரண்டு குழியில் உங்களுடைய 12 கிராம் அடங்கும்.

பிறகுதான் செதுக்கல். முதலில் பக்கவாட்டுக் கோட்டையும் மேல் கோட்டையும் வெட்டி நாற்பட்டையாக வையுங்கள். அடுத்து மூலைகளை இழைப்புளியால் எடுத்து எட்டுப் பட்டை. அதற்குப் பிறகு அரம், கடைசியில் 80, 120, 240 உப்புத்தாள். எட்டுப் பட்டையைத் தாண்டி நேரே உருட்டப் போகிறவர்களுக்குத்தான் ஒரு பக்கம் வீங்கியும் மறுபக்கம் ஒட்டியும் வரும், அந்த லூர் எந்த ஈயத்துக்கும் நேராக நிற்காது.

கம்பியின் மூக்கு வளையத்தை மட்டும் முதலில் முறுக்குங்கள், மூன்று சுற்று, நெருக்கமாக. காடியில் இறக்கி, வயிற்றுக் குழியில் பீப்பாய் ஸ்விவலின் ஒரு கண் வழியாகக் கம்பியை நுழைத்து, வால் வளையத்தைக் கடைசியில் முறுக்கவேண்டும். ஸ்விவலின் மறு கண் மட்டும் வெளியே தெரியும். மும்முள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்விவல் சுழன்றுவிடும், மரத்தை நெம்பாது. காடியை 24 மணி நேர எப்பாக்ஸியில் நுண்ணிய மரத்தூள் குழைத்து நிரப்புங்கள். 5 நிமிட எப்பாக்ஸி வேண்டாம். அது தண்ணீரில் நாளாவட்டத்தில் இளகிவிடும்.

மரம் பற்றி ஒரு சொல். கிரி கிடைக்காதவர்கள் சிரிங்காவை மறக்கவேண்டாம், நம் மலைவேம்பு தான் அது. இந்த நாட்டில் பரவிக் கெடுக்கும் அந்நிய மரங்களில் ஒன்று, வெட்டுகிறவர்களிடம் கேட்டால் துண்டு தருவார்கள். ஜெலுடாங் எடைதான், இன்னும் கொஞ்சம் கூடவும் செய்யும். மிதக்கும் ஸ்டிக்பெய்ட்டுக்கு வராது, வாய் குழிந்த பாப்பர் வகை லூருக்கு நன்றாக உழைக்கும். ஆனால் காய்ந்திருக்கவேண்டும். பச்சை மரத்தில் செய்த லூர் சீலுக்குள்ளேயே சுருங்கி, பூச்சைக் கழற்றிவிடும்.

தெற்குக்காற்று (பார்க் ரைனி)

கண் திருகை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. 100 மி.மீ.க்குக் குறைவான லூருக்கு, கனமான மரத்தில், துளைக்குள் எப்பாக்ஸி விட்டு 25 மி.மீ. நீளத் திருகு இறக்கினால் ஷாட்டுக்கும் சின்னப் பாரைக்கும் அது பிடுங்காது. கம்பி வேலைக்கு ஆகும் நேரத்தில் மூன்று லூர் முடியும். துளை போடாமல் திருகை நேரே மரத்தில் முறுக்குகிறார்கள், அங்கேதான் மரம் பிளக்கிறது. திருகின் தண்டு கனத்தைவிட அரை மி.மீ. சிறிய துளை போடுங்கள்.

இன்னொன்று. ஷாட் அதிகமாக இருக்கிற நாளில் மர லூரைப் பெட்டியிலேயே வையுங்கள். அதன் பல் எப்பாக்ஸியைத் துளைத்து மரம் வரை போகும். ஊசி முனை அளவு துளைதான், கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒவ்வொன்றும் தண்ணீர் இறங்கும் வாய். ஷாட்டுக்கு உலோக ஸ்பூனே போதும்.

மரத்தூள் (டோங்காட்)

100 மி.மீ.க்குக் கீழே என்றால் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் கிரி மரத்தில் கூடாது, அதில் திருகின் மரை பிடிக்காது. தம்பி கேட்டது 150 மி.மீ. கேரிக் லூர். ஷாட் கடித்த லூரைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, பல் துளைகளில் சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டால் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தோடு அடைத்தால் ஈரத்தை உள்ளே பூட்டிய கதைதான்.

வண்ணக்கிண்ணம் (சாட்ஸ்வொர்த்)

தம்பி, உரிந்த தகடு கையில் இருக்கிறதா? அதன் பின்புறத்தைப் பாருங்கள். மரநார் ஒட்டியிருந்தால் மரத்துக்குள் ஈரம் போயிருக்கிறது. கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தால் சீல் பூச்சை உப்புத்தாள் போடாமல் அதன்மேல் வெள்ளை அடித்திருக்கிறீர்கள். தகட்டிலும் லூரிலும் இரண்டு பக்கமும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் பிரைமர் கனமாகி நடுவில் பிளந்திருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

உங்கள் பட்டியலில் மரத்துக்கு சீலே இல்லை. அதுதான் முதல் குறை. 240 உப்புத்தாள் முடிந்ததும் மெல்லிய எப்பாக்ஸி ஒரு பூச்சு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மரத்தை ஹேர் டிரையரில் கை பொறுக்கும் சூடு வரை ஏற்றி, டிரையரை நிறுத்திவிட்டுப் பூசுங்கள். ஆறும்போது மரத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கி எப்பாக்ஸியை உள்ளே இழுக்கும். குளிர்ந்த மரத்தில் காலையில் பூசி, பகல் சூடு ஏற ஏற உள்காற்று விரிந்தால் ஊசிக்கொப்புளமாக வெளியே வரும். அதனால் சாயங்காலம் பூசுவது நல்லது. மூக்கு, வால் முனைகளில் நாரின் வாய் திறந்திருப்பதால் அதிகம் குடிக்கும், அங்கே இன்னொரு தரம் தொட்டுவிடுங்கள். நன்றாக இறுகிய பிறகு 400 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பளபளப்பு ஓர் இடத்திலும் மிஞ்சாமல் மங்கலாக்கவேண்டும்.

சிலர் வேகவைத்த ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து மரத்தை ஊறவைப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் எண்ணெய் முழுக்கக் காய ஒரு வாரமாவது ஆகும். அவசரப்பட்டு மேலே அடித்தால் ஒன்றும் ஒட்டாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

இனி வண்ணம். கேரிக் தின்பது மடவையையும் ஷாட்டையும்தான், அதனால் மடவையை முதலில் சொல்கிறேன். வெள்ளை பிரைமர், இரண்டு மெல்லிய பூச்சு. வயிறு வெள்ளையாகவே இருக்கட்டும். விலாவில் முத்து வெள்ளி. முதுகில் சாம்பல் கலந்த ஆலிவ் பச்சை, முதுகெலும்பு வரியில் மட்டும் கூடுதல் கருமை. எப்போதும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். ஏர்பிரஷ்ஷில் 0.3 அல்லது 0.5 மி.மீ. ஊசி, அழுத்தம் ஒன்றரை பார். அக்ரிலிக் பால் பதத்துக்கு இளகவேண்டும், ஊசி முனையில் காய்ந்து தும்மினால் இன்னும் கொஞ்சம் இளக்குங்கள்.

செதிலுக்கு மணப்பெண் முக்காட்டு வலைத்துணி, டர்பன் பழைய கிரே ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் கால் மீட்டர் வாங்கினால் நூறு லூருக்கு வரும். உடலைச் சுற்றி இறுக்கி, வயிற்றடியில் துணி மாட்டும் கிளிப் போட்டு, நேர் மேலிருந்து அடியுங்கள். சாய்த்து அடித்தால் வலைக்கு அடியில் பெயின்ட் நுழைந்து செதில் கலங்கிவிடும். துணியை உருவாமல், கிளிப்பை எடுத்து மேலே தூக்குங்கள். மடவைக்கு விலாவில் மங்கலான நீளக்கோடுகள் உண்டு, அவற்றை வலைக்கு முன்பே இட்டுவிடவேண்டும். மத்தி வேண்டுமென்றால் முதுகு நீலப்பச்சை, விலாவில் வரிசையாகக் கரும்புள்ளிகள், அவை வலைக்குப் பிறகு. கண்ணும் முக்கியம், 8 மி.மீ. ஒட்டுக்கண், மேல்பூச்சுக்கு முன்பு.

டப்பா ஸ்ப்ரேக்களை மாற்றி மாற்றி அடிப்பவர்களுக்கு: எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அதன் கரைப்பான் எனாமலைத் தூக்கிச் சுருக்கிவிடும். ஒரே வகையில் நில்லுங்கள்.

உம்கேனிக்கரை (டர்பன்)

அக்கா, தகட்டின் பின்புறம் மரநார் தெரிகிறது. அப்போது ஈரம்தான். மேல்பூச்சு பிசுபிசுத்ததற்கும் அதுவே காரணமா? சொட்டு நிற்காமல் இருக்க லூரைச் சுழற்ற எந்த மோட்டார்? லோட் ஷெட்டிங் வந்தால் நடுவில் நின்றுவிடுமே. கார் பெயின்ட் கடைக்காரர்கள் விற்கிற இரண்டு பாகத் தெளிவுப்பூச்சு எப்பாக்ஸியைவிட நல்லது என்கிறார்களே, அதுவும் தெரியவேண்டும்.

வண்ணக்கிண்ணம் (சாட்ஸ்வொர்த்)

பிசுபிசுப்பு காற்றின் ஈரத்தால் வந்தது. ஹார்டனரில் இருக்கும் அமீன், காற்றில் உள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே எண்ணெய்ப் படலமாக நிற்கும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இது சாதாரணம். இறுகிய பிறகு இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலத்தை உள்ளே தேய்த்துவிடுவீர்கள், அடுத்த பூச்சு ஒட்டாது. தடுக்கவேண்டுமென்றால் மரப்பெட்டிக்குள் பழைய இழை பல்பு 40 வாட் ஒன்றைப் போட்டு, லூருக்கும் பல்புக்கும் 30 செ.மீ. இடைவெளி விட்டு, பெட்டியைச் சூடாக்கிய பிறகு பூசுங்கள். எல்.இ.டி. பல்பு சூடு தராது.

கழுவியும் நாள்கணக்கில் இறுகாமல் கை ஒட்டினால் கலவை விகிதம் தவறு. ஒன்றுக்கு ஒன்று என்பது கொள்ளளவில், எடையில் வேறு. 1 மி.லி. கலக்கும்போது 0.2 பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு தவறு, 3 மி.லி.யில் அதே பிசகு பதினைந்தில் ஒன்று. ஒரே லூருக்கு என்றாலும் 3 மி.லி.யும் 3 மி.லி.யும் கலக்குங்கள், மிச்சம் போனால் போகட்டும். அளக்கும் ஊசிக்குழாயின் ரப்பர் முனையில் சிலிகான் எண்ணெய் தடவியிருந்தால் பூச்சில் வட்டக் குழிகள் விழும், ரப்பர் இல்லாத குழாய் வாங்குங்கள். மூன்று நிமிடம் மெதுவாகக் கிண்டி, அலுமினியத் தாளில் பரப்பினால் குமிழ் தானே வெளியேறும். மிச்சக் குமிழுக்கு டிரையரை ஒரு நொடி காட்டுங்கள். அக்ரிலிக் அடித்து 24 மணி நேரம் கழித்துத்தான் மேல்பூச்சு, உள்ளே தண்ணீர் நின்றால் அது பால் நிறமாகத் தெரியும்.

மோட்டாருக்கு பிராய் அடுப்பின் (வெளியில் இறைச்சி சுடும் அடுப்பு) கம்பி சுழற்றும் மோட்டாரே போதும், நிமிடத்துக்கு இரண்டு முதல் ஆறு சுற்று வேண்டும். பேட்டரியில் ஓடும் வகையை வாங்கினால் மின்வெட்டுக் கவலை இல்லை. மோட்டார் நின்றுவிட்டால் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கையால் அரைச்சுற்றுத் திருப்புங்கள், எப்பாக்ஸி தேன் பதம் தாண்டும் வரை.

இரண்டு பாக பாலியுரேத்தேன் கார் பூச்சு வெயிலில் மஞ்சளாகாது, எப்பாக்ஸி ஆகும். அது உண்மை. ஆனால் அதில் ஐசோசயனேட் உண்டு. அதை ஸ்ப்ரே அடிக்க வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும், தூசி முகமூடி காப்பாற்றாது. ஒரு தரம் ஒவ்வாமை பிடித்தால் பிறகு அந்த வாடையே மூச்சை அடைக்கும். வீட்டில் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஒற்றை டப்பாவில் வரும், காற்று ஈரத்தில் இறுகும் பாலியுரேத்தேனும் மழைக்கால டர்பனுக்கு ஆகாது. ஈரம் அதிகமானால் உள்ளே வாயு உண்டாகி நுரைக்கும்.

தெற்குக்காற்று (பார்க் ரைனி)

எப்பாக்ஸி இரண்டு பூச்சு போடுங்கள். ஒரே கனமான பூச்சு கீழே திரண்டு லூரை ஒரு பக்கம் கனக்கச் செய்யும்.

உம்கேனிக்கரை (டர்பன்)

கடைசிக் கேள்வி. ஈயத்தை எங்கே வைப்பது? துளை போட்ட பிறகு மாற்ற முடியாதே.

ஈயக்குண்டு (ரிச்சர்ட்ஸ் பே)

முதல் ஒன்றை மாதிரியாகச் செய்யுங்கள், அதில் ஈயக்குழி போடவேண்டாம். 10 லிட்டர் வாளியில் 350 கிராம் உப்பைக் கரைத்தால் கடல் நீருக்குச் சமம். சீல் செய்து கம்பி போட்ட உடலில் முள், வளையம் எல்லாம் மாட்டி, ஈயத் துண்டுகளை வயிற்றில் ரப்பர் வளையத்தால் கட்டி மிதக்கவிடுங்கள். வெளியே கட்டிய 12 கிராம் ஈயம் தானே ஒரு கிராம் தண்ணீரைத் தள்ளும், அந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். பெயின்ட்டுக்கும் எப்பாக்ஸிக்கும் 4 கிராம் பாக்கி வைக்கவேண்டும்.

ஈயத்தைப் பின்னால் தள்ளினால் வால் தாழ்ந்து மூக்கு மேலே நிற்கும். தட்டினால் மூக்கு நின்ற இடத்திலேயே இடமும் வலமும் அகலமாகத் திரும்பும், தூரமாகவும் எறியலாம். அலை அடிக்கிற இடத்தில் அது தண்ணீரைவிட்டு எகிறும். உம்கேனி முகத்துவாரம் போன்ற இடத்துக்கு முன்குழியில் 5, பின்குழியில் 7 என்று தொடங்குங்கள். லூர் கிட்டத்தட்டப் படுத்து, வால் மட்டும் லேசாகத் தாழ்ந்து மிதக்கவேண்டும். விரலால் ஒரு பக்கம் உருட்டிவிட்டால் உடனே நிமிரவேண்டும். நிமிராமல் சோம்பினால் ஈயம் வயிற்றுத் தோலுக்குப் போதுமான அளவு அருகில் இல்லை. சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்து, அந்த அளவை மற்ற ஐந்து கட்டைகளிலும் செதுக்கும் முன்பே துளையுங்கள். ஒரே பலகையில் வெட்டிய கட்டைகளாக இருக்கவேண்டும், பலகைக்குப் பலகை எடை மாறும்.

ஈயத்தை நீங்களே உருக்குவதானால் வீட்டுக்கு வெளியே, அச்சில் ஒரு துளி ஈரமும் இல்லாமல். ஈர அச்சில் ஊற்றினால் நீராவி ஈயத்தை முகத்தில் தெறிக்கும். கடையில் விற்கும் ஈயக்குண்டை அரத்தால் ராவிக்கொள்வது சுலபம், ராவிய தூளைக் கூட்டிக் கட்டி, கையைக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வையுங்கள்.

முள்ளையும் இப்போதே முடிவு செய்யவேண்டும். மீன்பிடி விதிப்படி கேரிக் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2, குறைந்தது 70 செ.மீ.; ஷாட் 4, 30 செ.மீ., அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தொடவே கூடாது. திருப்பி விடவேண்டிய மீன் நிறைய வரும் என்பதால் மும்முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஒற்றை முள் மும்முள்ளைவிட ஏறக்குறைய 2 கிராம் லேசு. வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று மாற்றினால் 4 கிராம் குறையும், அதை ஈயத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயம் ஒட்டி மூடிய பிறகு முள்ளை மாற்றினால் பார்த்துப் பார்த்துச் செய்த நிலை போய்விடும். வயிற்று முள்ளின் முனை முன்னோக்கி, வால் முள்ளின் முனை மேல்நோக்கி இருக்கட்டும்.

உம்கேனிக்கரை (டர்பன்)

நன்றி அண்ணா, நன்றி அக்கா. கிரி பலகை 30 மி.மீ. கனத்தில் கிடைத்தால் ஆறும் ஒரே பலகையில், ஒற்றை முள், முன்னே 7, பின்னே 9 என்று வாளியில் தொடங்குகிறேன். அளவுகளை இங்கேயே பதிகிறேன்.

ஈயக்குண்டு (ரிச்சர்ட்ஸ் பே)

10 மி.மீ. குழியில் 9 கிராமுக்கு 10 மி.மீ. உயரம் வேண்டும், நடுவில் ஓடும் கம்பியை முட்டிவிடும். குழியை 12 மி.மீ. ஆக்குங்கள், உயரம் 7க்கு வந்துவிடும்.